எட்டு டம்ளர் தண்ணீர்

டீன் உமாகாந்த் சுகாதார மையத்துக்குள் கால் வைப்பது வருஷத்துக்கு இரண்டு முறைதான். ஆயுத பூஜையன்று ஊசிப் பெட்டிக்குக் குங்குமம் வைக்க ஒரு முறை வருவார். வெளியிலிருந்து யாராவது கல்லூரியைப் பார்க்க வருகிறார்கள் என்றால், அவர்களுக்கு முன்னால் தான் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ள இன்னொரு தடவை வருவார். பிப்ரவரி மாதத்தில் அவர் வந்து நின்றதுமே, யாரோ வரப்போகிறார்கள் என்று நர்ஸ் நீலாம்பிகாவுக்கு விளங்கிவிட்டது.

"சிஸ்டர், மார்ச் பத்தாம் தேதி மதிப்பீட்டுக் குழு வருது. அதை ஒட்டி ஒரு வாரம் கொண்டாடறோம். 'ஆரோக்கிய சமத்துவ வாரம்'. மாணவன், வாத்தியார், தோட்டக்காரன், எல்லாருக்கும் ஒரே ஆரோக்கியம். என் யோசனைதான். எப்படி?"

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு தகரப் பலகை தொங்கியது. 'மாணவர்கள், நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும்' என்று எழுதி, கீழே அவருடைய கையெழுத்தையே பெரிதாக்கிப் பதித்திருந்தார்கள். நீலாம்பிகா பலகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தலை போர்டை மறைக்குது."

டீன் தள்ளி நின்று திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. "எழுத்து மங்கிப்போச்சு. குழு வர்றதுக்குள்ள புது பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்க" என்றார்.

கர்நாடகத்தில் தார்வாட்டுக்கு வெளியே இருக்கும் அந்தக் கல்லூரியில் நீலாம்பிகா சேர்ந்து பதினேழு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் நவல்குந்து. புருஷன் அரசு பஸ் கண்டக்டர். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோருக்கும் தெரியும். ஊசி போடும் கை மட்டும் பூப்போல இருக்கும் என்பதால் பொறுத்துக்கொண்டார்கள். மாணவர்களிலிருந்து துப்புரவுப் பெண்கள்வரை எல்லோருக்கும் அவள் 'நீலக்கா'. இந்தப் பதினேழு வருஷத்தில் அவள் பார்க்காத வாரம் இல்லை. யோகா வாரத்தில் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடப்போன முதல்வரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து இவளுடைய கட்டிலில்தான் போட்டார்கள். புகையிலை ஒழிப்பு வாரத்தைத் தொடங்கி வைக்க வந்த விருந்தினர், கன்னத்தில் அடக்கிய குட்காவை வெளியே துப்பிவிட்டு வந்து விளக்கேற்றினார். வாரங்கள் வந்தன, போயின. பேனர் துணிகள் மட்டும் மிஞ்சின; அவற்றைக் காவலாளிகள் மழைக்குக் கூரையில் கட்டிக்கொண்டார்கள். கல்லூரியின் ஆரோக்கியத் திட்டங்களால் யாராவது உண்மையிலேயே பயன் அடைந்தார்கள் என்றால் அது அந்தக் கூரைகள்தான்.

இந்த முறை அவளுக்கு இரண்டு வேலை. இந்தக் கொண்டாட்ட வாரத்துக்கென்று ஒரு வாசகம் எழுத வேண்டும். எத்தனை பேருக்கு என்னென்ன சிகிச்சை என்ற கணக்கை அறிக்கைக்குக் கொடுக்க வேண்டும். அறிக்கையைத் தொகுக்கும் பொறுப்பு ரச்சனா என்ற சமூகவியல் விரிவுரையாளரிடம் இருந்தது. பெங்களூரில் படித்துவிட்டு வந்த பெண். கதர்ப் பையும், மூக்கில் வளையமும், வாயில் எப்போதும் 'உள்ளடக்கம்', 'விளிம்பு' மாதிரி சொற்களும். வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய வேலை என்பதால் டீன் எதைச் சொன்னாலும் "சரி சார்" என்பாள். நீலாம்பிகாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

வாசகத்தைக்கூடக் கடைசியில் டீனே எழுதிக்கொண்டார். 'தினமும் எட்டு டம்ளர் தண்ணீர்: எல்லோருக்கும், எப்போதும்.' இரண்டாயிரம் தண்ணீர் பாட்டில்கள் அச்சடித்து வந்தன. ஒரு பக்கம் வாசகம், மறுபக்கம் டீன், புன்னகையோடு.

அந்த வாரமே ஒருநாள் காலை பத்து மணிக்குச் சுகாதார மையத்தின் பின்கதவு தட்டப்பட்டது. பின்கதவு என்றால் துப்புரவுப் பெண்கள் என்று அர்த்தம். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்பதால் அவர்களுக்கு முன்வாசல் கிடையாது. பலகையை மீறி நீலாம்பிகா அவர்களுக்கு மாத்திரை கொடுத்து வந்தது டீனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

துர்கவ்வா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது வயதிருக்கும். எந்த மேஸ்திரியையும் ஒரு பார்வையில் ஓட்டிவிடுகிறவள். இன்று முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. நெற்றியில் கை வைத்தால் சுட்டது.

"மறுபடியும் எரியுதா?"

"மிளகாய் அரைச்ச மாதிரி எரியுது அக்கா. ராத்திரியெல்லாம் குளிர். அதே மாத்திரை குடுங்க, போய் மாடிய முடிக்கணும்."

"போன மாசம்தானே குடுத்தேன்? தண்ணி குடின்னு சொன்னேனா இல்லையா? ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிற?"

"காலையில வீட்டுல அரை டம்ளர். சாயங்காலம் போயி வயிறு நிறைய."

"நடுவுல?"

துர்கவ்வா சிரித்தாள். காய்ச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நடுவுல குடிச்சா நடுவுல போகணுமே அக்கா. எங்கே போறது?"

நீலாம்பிகா முதலில் புரியாமல், "இங்கே கக்கூஸுக்கா பஞ்சம்?" என்றாள்.

"அறுபத்தெட்டு இருக்கு. தினம் எண்ணிக் கழுவறேன். ஒண்ணுல உக்காந்தா சூப்பர்வைசர் ஈரண்ணா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். கதவுல ஒட்டியிருக்கே, நீங்க பார்த்ததில்லையா?"

அவள் பார்த்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் புதுக் கட்டடம் கருங்கல் தரையோடு திறக்கப்பட்டபோது, யாரோ ஒரு மாணவியின் தகப்பனார், கூட்டுகிற பெண்கள் அங்கே டிபன் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று புகார் எழுதினார். மறுவாரமே எல்லாக் கழிப்பறைக் கதவிலும் டீன் கையெழுத்தோடு காகிதம் ஏறியது: 'துப்புரவுப் பணியாளர்கள் பயன்படுத்தக் கூடாது.' அதைத் தினமும் இரண்டு முறை கடந்துபோன நீலாம்பிகா ஒரு தடவைகூட நின்று யோசித்ததில்லை.

"முன்னே தைலமரத் தோப்புப் பக்கம் போவோம்" என்றாள் துர்கவ்வா. "இப்போ அங்கே கேமரா வெச்சுட்டாங்க. பொண்ணுங்க பாதுகாப்புக்காம். நாங்க பொண்ணுங்க இல்லையில்ல. விடியக்காலம் அஞ்சரைக்கு பஸ் ஏறினா சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வீடு. அதனால வாயக் கட்டிடறது. சுலபம்."

"எல்லாருமேவா?"

"முப்பத்தோரு பேரும். ஹனுமவ்வா எதுக்கு வேலைய விட்டு நின்னான்னு நினைச்சீங்க? மகளுக்குக் கல்யாணம்னா? சிறுநீரகம் ரெண்டும் வீங்கிப்போச்சு அவளுக்கு. பெரியாஸ்பத்திரியில கிடக்கா."

நீலாம்பிகா மாத்திரை டப்பாவைத் திறந்தவள் திறந்தபடியே உட்கார்ந்துவிட்டாள். ஹனுமவ்வாவுக்கு அவளே ஏழெட்டு முறை மாத்திரை கொடுத்திருக்கிறாள். 'தண்ணி குடிடி சோம்பேறி' என்று திட்டியும் இருக்கிறாள். ஊரில் உள்ள எல்லோரையும் நக்கலாகப் பார்த்த தன் கண்ணுக்கு, பின்வாசலில் நின்றவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. டீனாவது வருஷத்துக்கு இரண்டு முறைதான் வருகிறார். அவள் தினமும் வந்து பதினேழு வருஷம் என்னத்தைப் பார்த்தாள்?

துர்கவ்வாவைக் கட்டிலில் படுக்க வைத்து, வாரத்துக்கு இரண்டு நாள் வரும் டாக்டருக்கு உடனே போன் செய்தாள். அவர் சொன்ன மருந்தைக் கொடுத்தாள். பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, மாடிப்படிக்கு அடியில் பெண்கள் ரொட்டி தின்னும் இடத்துக்குப் போனாள். மூன்று நாள் மதியம் அங்கேயே உட்கார்ந்தாள். முப்பத்தோரு பேரில், ஐந்து மாதத்துக்குள் அந்த எரிச்சலுக்கு மாத்திரை வாங்கியவர்கள் இருபத்திரண்டு பேர். திரும்பத் திரும்ப வந்தவர்கள் பதின்மூன்று. விலக்கு நாட்களில் வேலைக்கே வராமல் சம்பளத்தை இழப்பவர்கள் ஒன்பது. ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.

நான்காம் நாள் டீன் அறைக்குப் போனாள். அவர் மேசைமேல் மஞ்சள் பனியன் ஒன்று விரித்திருந்தது. நெஞ்சில் 'நாம் எல்லோரும் சமம்' என்ற எழுத்து. அந்தச் 'சமம்' கொஞ்சம் சாய்வாக வந்திருக்கிறதோ என்று அவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுநடுவே "த்சொ த்சொ" என்றும் சொன்னார்.

"ரொம்ப வருத்தமான விஷயம் சிஸ்டர். ஆனா அவங்க நம்ம ஆளுங்க இல்லையே. ஒப்பந்தக்காரர் ஆளுங்க."

"கக்கூஸ் நம்மதுதானே சார்?"

"பெற்றோர்கள் என்ன நினைப்பாங்க?"

"கழுவறவ கை படலாம், உக்காந்தா மட்டும் தப்பா? அந்தக் காகிதத்தக் கிழிச்சிட்டா போதும் சார். வாரமே வேண்டாம், பனியனும் வேண்டாம்."

டீன் பெருமூச்சு விட்டார். அவருடைய பெருமூச்சில் பெரிய மனிதத்தனம் இருந்தது. "ஆரோக்கிய வாரத்துல போயி இந்த மாதிரி... இதெல்லாம் எதிர்மறை. குழு போகட்டும், அப்புறம் ஒரு கமிட்டி போடலாம். நீங்களே மெம்பர்." சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே குனிந்து எதையோ எடுத்தார். தண்ணீர் பாட்டில். "உங்களுக்கு இன்னும் குடுக்கலையே?"

நீலாம்பிகா பாட்டிலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அதில் சிரித்துக்கொண்டிருந்தவரை ஒருமுறை பார்த்தாள். படியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை நான்கு பக்கம் எழுதினாள். நாசூக்காக எழுத அவளுக்கு வராது. யார், என்ன வயது, எத்தனை முறை காய்ச்சல், எதனால், எந்தக் கதவில் என்ன ஒட்டியிருக்கிறது, யார் கையெழுத்து. எல்லாவற்றையும் ரச்சனாவின் மேசையில் கொண்டுபோய்ப் போட்டாள்.

"கணக்குக் கேட்டீங்களே மேடம். இந்தாங்க."

ரச்சனா முதல் பக்கத்தைப் படித்தாள். புரட்டவில்லை. "சரி நீலக்கா. பார்த்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான்.

நீலாம்பிகா கேன்டீனுக்குப் போய், காரப்பொரி கிர்மிட் தின்றுகொண்டிருந்த அலுவலகக் கூட்டத்துக்கு நடுவில் நின்று சொன்னாள்: "பார்த்துக்கறாளாம்! நாளைக்கு மிர்ச்சி பஜ்ஜிய எந்தப் பேப்பர்ல மடிச்சுத் தர்றாங்கன்னு பாருங்க, என் கையெழுத்து இருக்கும். விளிம்பு விளிம்புன்னு பேசறவ விளிம்புக்கு வந்தா குனிஞ்சு பார்ப்பாளா?" எல்லோரும் சிரித்தார்கள். அறிக்கை அச்சுக்குப் போனது. டீன் முன்னுரையை மட்டும் நான்கு தடவை திருத்தினார், அதில் அவர் பெயர் வந்ததால். மீதி நூற்றிருபது பக்கத்தை அவரும் படிக்கவில்லை, முதல்வரும் படிக்கவில்லை. அந்தக் கல்லூரியில் அறிக்கைகள் படிப்பதற்காக அடிக்கப்படுவதில்லை.

வாரம் தொடங்கியது. முதல் நாள் நடைப்பயணம். டீன் காரில் முன்னால் போனார். இரண்டாம் நாள் சுவரொட்டிப் போட்டி. மூன்றாம் நாள், பெரிய அட்டையில் வெட்டிய இதய வடிவத்துக்குள் முகத்தை நுழைத்துப் படம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. வரிசை கேன்டீன்வரை நின்றது. அட்டைகளையும் தட்டுகளையும் ஈரண்ணாவின் ஆட்கள்தான் மாலையில் பெருக்கி அள்ளினார்கள். சமத்துவத்தின் குப்பை வழக்கத்தைவிட மூன்று வண்டி அதிகம் வந்தது என்றாள் துர்கவ்வா. அவள் தேறி வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

பத்தாம் தேதி குழு வந்தது. ஐந்து பேர். தலைவர் நாக்பூரிலிருந்து வந்த டாக்டர் குமுத் வாக்மாரே என்ற அம்மாள். அறுபது வயது, குட்டை உருவம், ரப்பர் செருப்பு. கால்வலிக்காரி என்று நீலாம்பிகா நடையிலேயே கண்டுகொண்டாள். முந்தின நாளே விருந்தினர் மாளிகையில் எல்லோருக்கும் அறிக்கை கொடுத்தாயிற்று. அந்த அம்மாள் கையில் இருந்த பிரதியில் மட்டும் நடுவில் ஒரு பென்சில் செருகியிருந்தது.

நிகழ்ச்சியின் உச்சம் 'தண்ணீர் உறுதிமொழி'. திறந்தவெளி அரங்கில் பகல் பதினோரு மணி வெயிலில் எண்ணூறு பேர். அவர்களுக்கு முன்னால் தனி வரிசையில், புடவைமேல் மஞ்சள் பனியன் மாட்டிய முப்பது துப்புரவுப் பெண்கள். சமத்துவம் புகைப்படத்தில் தெரிய வேண்டும் என்று டீனே பார்த்துப் பார்த்து நிறுத்தியிருந்தார்.

"அக்கா, என் நெஞ்சுல என்ன எழுதியிருக்கு?" என்று துர்கவ்வா கிசுகிசுத்தாள்.

"நாம எல்லாரும் சமம்னு."

"யவ்வா! அப்போ அந்த மனுஷனுக்கும் ஒண்ணு மாட்டி, கையில பினாயில் வாளியக் குடுக்கச் சொல்லுங்க. சரியா சமமா இருக்கான்னு பார்த்திடலாம்."

டீன் ஒலிபெருக்கியில் ஒன்று, இரண்டு, மூன்று என்றார். எண்ணூறு பாட்டில்களின் மூடி திறந்தது. எண்ணூறு தொண்டைகள் ஏறி இறங்கின. முன்வரிசையில் முப்பது பெண்கள் பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி சிலைபோல நின்றார்கள். யாரும் சொல்லிவைத்ததல்ல. மணி பதினொன்று, வீடு போய்ச் சேர ஆறு மணி. அவரவர் வயிற்றுக்குத் தெரிந்த கணக்கு.

டாக்டர் குமுத் மேடையைவிட்டு இறங்கி வந்தார். துர்கவ்வாவின் முன்னால் நின்று, பாட்டிலைக் காட்டி, இந்தியில் என்னவோ கேட்டார். டீன் ஓடிவந்தார்.

"ஏன் குடிக்கலைன்னு கேக்கறாங்க" என்று துர்கவ்வாவிடம் சொல்லிவிட்டு, அவள் வாய் திறப்பதற்குள் அம்மாள் பக்கம் திரும்பி, இந்தியிலேயே பதிலையும் சொன்னார்: "தாகமில்லைன்னு சொல்றாங்க மேடம். இவங்க எல்லாம் உழைப்பாளிகள், உடம்பு கெட்டி."

துர்கவ்வா டீனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கல்யாணமான புதிதில் ஆறு வருஷம் மகாராஷ்டிரத்துச் சாங்க்லிப் பக்கம் கரும்பு வெட்டப் போனவள். மராத்தி அவளுக்கு டீனின் இந்தியைவிட நன்றாக வரும்.

"பொய் சொல்றாரு அம்மா" என்றாள் மராத்தியில், அரங்கம் முழுக்கக் கேட்க. "நாக்கு மேலன்னத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. குடிச்சா போகணும். எங்கே போறது? இவரு வீட்டுக்கா?"

மராத்தி தெரிந்த பாதிப் பேர் சிரித்தார்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். பிறகு சிரிப்பு தானாகவே அடங்கியது. டாக்டர் குமுத் சிரிக்கவில்லை. அறிக்கையைத் திறந்து, பென்சில் செருகிய பக்கத்தை டீனிடம் நீட்டினார்.

"நாற்பத்தொன்றாம் பக்கம். உங்க அறிக்கைதானே?"

டீன் வாங்கிப் பார்த்தார். தன் முன்னுரையோடு வந்த புத்தகத்தில் தன் கையெழுத்து ஒட்டிய கதவுகளின் பட்டியல் இருப்பதை அவர் அப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். காது மடல் முதலில் சிவந்தது, பிறகு கழுத்து.

நீலாம்பிகா பக்கத்தில் நின்ற ரச்சனாவைத் திரும்பிப் பார்த்தாள். ரச்சனா நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதர்ப் பையின் பிடியை மட்டும் இறுக்கித் திருகிக்கொண்டிருந்தாள். அச்சுக்கு அனுப்பியவள் அவள்தான். ஒரு வரிகூட வெட்டாமல், ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பியிருந்தாள்.

"எனக்கும் போகணும்" என்றார் டாக்டர் குமுத் துர்கவ்வாவிடம் மராத்தியில். "பக்கத்துல எங்கே இருக்கு? நீயே காட்டு."

துர்கவ்வா முன்னால் நடந்தாள். பின்னால் டாக்டர், குழு, முதல்வர், டீன், நீலாம்பிகா, கடைசியில் மஞ்சள் பனியன் பெண்கள். பெண்கள் கழிப்பறைக் கதவில் அந்தக் காகிதம் பளபளவென்று ஒட்டியிருந்தது. பலகைக்குப் பெயிண்ட் அடித்தபோது இதற்கும் புதிது அடித்து ஒட்டியிருந்தார்கள். டாக்டர் நீலாம்பிகாவிடம் திரும்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நீலாம்பிகா தனக்குத் தெரிந்த இந்தியில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். 

"சரி" என்று டாக்டர் கதவோரம் ஒதுங்கி நின்றார். துர்கவ்வாவைப் பார்த்து, "நீ முதல்ல போ. நான் அப்புறம்" என்றார்.

துர்கவ்வா ஒரு கணம் தயங்கினாள். தினம் மூன்று முறை உள்ளே போய் வருகிற கதவுதான். வாளியைத் தேடுவது போல அவள் கை தானாகப் பக்கவாட்டில் துழாவியது. பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் வந்த இன்னொருத்தி வரிசையில் நின்றாள். பிறகு மூன்று பேர். பிறகு முப்பது பேரும். உள்ளே நான்கு அறைதான். மதிப்பீட்டுக் குழுவும் முதல்வரும் டீனும் கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு, கழிப்பறை வாசலில் வெயிலில் நாற்பது நிமிஷம் காத்து நின்றார்கள். பெண்கள் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பாட்டிலைத் திறந்து, அங்கேயே நின்று குடித்தார்கள். டீன் படத்தில் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகத்தான் டாக்டர் குமுத் போனார்.

மறுநாள் நீலாம்பிகாவுக்கு ஒரு கடிதம் வந்தது. விதிமீறி ஒப்பந்தப் பணியாளர்களுக்கு மருந்து கொடுத்தது ஏன் என்று ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தது. கீழே டீன் கையெழுத்து. 'நோய் இருந்தது, அதனால் கொடுத்தேன்' என்று ஒரே வரியில் பதில் எழுதி அன்றே அனுப்பினாள்.

ஆறு வாரம் கழித்து மதிப்பீட்டின் முடிவு வந்தது. கல்லூரி எதிர்பார்த்ததைவிட ஒரு படி மேலே. தன் குறையைத் தானே ஆராய்ந்து அச்சில் ஏற்றும் துணிச்சல் அரிது என்று நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் குழு தனியாகப் பாராட்டியிருந்தது. கூடவே அந்தக் காகிதங்கள் ஒரு மாதத்துக்குள் அகற்றப்பட வேண்டும், சுகாதார மையம் எல்லாப் பணியாளருக்கும் திறக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும். மத்தியானத்துக்குள் துணிச்சல் டீனுடையதாகிவிட்டது. கன்னட நாளிதழில் அவருடைய பேட்டி வந்தது: 'அந்தப் பெண்களின் துயரத்தை முதன்முதலில் உணர்ந்த நாளில் நான் தூங்கவில்லை.' நீலாம்பிகாவுக்கு இன்னொரு கடிதம் வந்தது. இந்த முறை பாராட்டுச் சான்றிதழ். அதே கையெழுத்து, அதே மை. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் பக்கம் பக்கமாக வைத்து, சுகாதார மையத்தில் பழைய தகரப் பலகை இருந்த ஆணியிலேயே மாட்டினாள். படிக்கத் தெரிந்தவர்கள் நின்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். டீன் இன்னும் பார்க்கவில்லை. ஆயுத பூஜை வரவில்லையே.

காகிதங்கள் கிழிந்தன. ஈரண்ணா சும்மா இருப்பானா? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்து ஐந்து நிமிஷம் என்று சட்டம் போட்டான். மறுநாள் துர்கவ்வா அவனிடம் போய், "நீ உன் மூத்திரத்த மணி பார்த்துத்தான் விடறியா? வா, நாளைலேர்ந்து நாங்க முப்பது பேரும் வாசல்ல நின்னு உனக்கு எண்ணிச் சொல்றோம்" என்றாள். சட்டம் அன்றோடு முடிந்தது.

ஜூன் மாதம் ரச்சனாவின் ஒப்பந்தம் மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் எழுதப்படவில்லை. எழுதினால் நாற்பத்தொன்றாம் பக்கத்தை எழுத வேண்டியிருக்கும்.

நீலாம்பிகா ஜோள ரொட்டியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் கட்டி எடுத்துக்கொண்டு அவளுடைய அறைக்குப் போனாள். ரச்சனா புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நீலாம்பிகாவுக்கு இன்று அவளை மேடம் என்று கூப்பிட வாய் வரவில்லை.

"ஏம்மா, நான் உன்னைப் பத்தி கேன்டீன்ல என்ன சொன்னேன் தெரியுமா?"

"பஜ்ஜி மடிக்கக் குடுத்துடுவேன்னு. அன்னைக்கு அரை மணியில எனக்கு வந்து சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா போட்ட? என்னை மூக்கறுக்கவா?"

"உங்களுக்காகப் போடல அக்கா." ரச்சனா பெட்டியை நாடாவால் ஒட்டினாள். பல்லால் நாடாவை அறுத்தாள். "மூணு வருஷமா நான் அந்த வார்த்தையெல்லாம் பாடம் நடத்தறேன். அந்தக் கதவுல ஒட்டினத நானும் தினம் கடந்துதான் போனேன். நீங்க எழுதினதப் படிச்சப்புறம் வகுப்புல நிக்கக் கூச்சமா இருந்துச்சு. சார் படிக்க மாட்டாருன்னு தெரியும். அந்த நம்பிக்கையிலதான் அனுப்பினேன்."

நீலாம்பிகா ரொட்டிப் பொட்டலத்தை அவளுடைய கதர்ப் பையில் வைத்தாள்.  "கத்திரிக்காய்ல எண்ணெய் கொஞ்சம் தூக்கலா இருக்கும், பையில ஒழுகாம பார்த்துக்கோ" என்று மட்டும் சொன்னாள். அவளே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பெல்காம் பஸ் வரும்வரை வாசலில் கூட நின்றாள்.

மழைக்காலம் பிறந்ததும் துர்கவ்வா சுகாதார மையத்துக்கு வந்தாள். முன்வாசல் வழியாக, செருப்பைக் கழற்றாமல், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மறுபடியும் எரியுதா?"

"இல்ல. மாடிக்கு ஒரு தடவைன்னு போறேன், மகாராணி மாதிரி. ஆனா தண்ணிதான் எறங்க மாட்டேங்குது அக்கா. இத்தனை வருஷம் வாயக் கட்டினதுல தாகமே செத்துப்போச்சு."

"செத்ததை நான் எழுப்பறேன்." நீலாம்பிகா டம்ளரில் ஊற்றி நீட்டினாள். துர்கவ்வா கஷாயம் குடிப்பது போல முகத்தைச் சுளித்துக் குடித்தாள். நீலாம்பிகா இன்னொன்று ஊற்றினாள்.

"இது எத்தனாவது?"

"ரெண்டு."

"யவ்வா, இன்னும் ஆறா! கொல்றீங்களே" என்று முனகிக்கொண்டே துர்கவ்வா அதையும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் எனக்காக வரல. வாசல்ல செக்யூரிட்டி நிக்கறாளே, ரேணவ்வா, அவ காலப் பாருங்க. பன்னெண்டு மணி நேரம் நிக்கணும், உக்காரக்கூடாதுன்னு உத்தரவு. நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைச்சிருக்கு. இங்கே வான்னா பயப்படறா" என்றாள்.

நீலாம்பிகா மாத்திரை டப்பாவின் பக்கம் போகவில்லை. நோட்டையும் குடையையும் எடுத்தாள்.

"யாரு போட்ட உத்தரவாம்?" என்று கேட்டுக்கொண்டே படி இறங்கினாள்.